ஐந்து பத்துக்கு இறங்கும் விமானம்

அத்தியாயம் 8

பள்ளிக்கூட அட்லஸ் ஒன்றை மேசையில் விரித்து, அதன் மேல் ஸ்கேலை வைத்து, கத்தரி அக்கா ஐந்து நிமிடமாக ஒன்றும் பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் யாருடைய குடியோ கெடப் போகிறது என்று அர்த்தம். எதிரில் இருப்பவர் பேச்சைப் பாதியில் வெட்டுவதால் ஊரார் அவளுக்கு வைத்த பெயர் கத்தரி. எனக்கு ஓட்டைவாய் என்று பெயர் வைத்தவள் அவள். துப்பறியும் அலுவலகம் என்று வாசலில் பலகை இருக்கிறது. உள்ளே நாங்கள் இரண்டு பேர், ஒரு மின்விசிறி, அவ்வளவுதான்.

எதிர் நாற்காலியில் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருட சர்வீஸ். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணிக்கு மருத்துவமனையில் விசாரணை. அதில் அவள் வேலை போவது உறுதி. அதோடு விட மாட்டார்கள், போலீஸ் கேஸும் ஆகும் என்று மேலதிகாரியே காதில் போட்டுவிட்டார். பேசும்போதெல்லாம் இடது கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். இரண்டு வாரத்துக்கு முன் இறந்தவனின் மனைவி அவளை மருத்துவமனை நடையில் எல்லார் முன்னாலும் அறைந்த இடம் அது.

நடந்தது இதுதான். ஊரில் மரக்கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பியில் தம்பியை, பலகை உருவும்போது பாம்பு கடித்தது. பன்னிரண்டு இருபதுக்கு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வகைப் பாம்புக்கு விஷமுறிவு மருந்து கையிருப்பில் இல்லை. ஊரில் இருக்கும் மற்ற இரண்டு மருத்துவமனைகளிலும் கேட்டுப் பார்த்து நர்ஸ் நாற்பது நிமிடம் அலைந்தாள். அங்கேயும் இல்லை. ஒரு மணிக்கு அண்ணனைப் போனில் பிடித்தாள். அவர் மரம் வாங்கத் துறைமுக நகரத்துக்குப் போயிருந்தார். அங்கே பெரிய மருத்துவமனையில் மருந்தை வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு விமான நிலையம் போவதற்குள் ஒன்றரை மணி விமானம் போய்விட்டது. அடுத்தது மூன்று ஐம்பது. அது இங்கே ஐந்து பத்துக்கு இறங்கும். தம்பி நான்கு ஐம்பத்தெட்டுக்கு இறந்துவிட்டான்.

நர்ஸ் அந்த நாற்பது நிமிடத்தை வீணாக்காமல் முதலிலேயே கூப்பிட்டிருந்தால் முந்தைய விமானத்தைப் பிடித்திருப்பேன் என்பது அண்ணன் எழுதிக் கொடுத்த புகார். விமான நிலைய வாசலில் காத்திருந்த ஆம்புலன்ஸ் டிரைவரும் சாட்சி சொல்லிவிட்டான். சரியாக ஐந்து பத்துக்கு அந்த மனிதர் தலையெல்லாம் நனைய வியர்த்துக் கொட்டி, பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி வாசலைத் தாண்டி ஓடி வந்தாராம். அதைச் சொல்லும்போது டிரைவர் அழுதுவிட்டானாம்.

அக்கா ஸ்கேலை எடுத்தாள். "இருநூத்தி முப்பது கிலோமீட்டர். நேரம் ஒரு மணி இருபது நிமிஷம். மணிக்கு எவ்வளவு வருது?"

நான் போனில் தட்டிப் பார்த்தேன். "நூத்தி எழுபத்திரண்டு."

"உன் மச்சான் கார்ல எவ்வளவு வேகத்துல போனான்னு போன வாரம் பீத்திக்கிட்டே?"

"நூத்தி அறுபது. ஆனா அது பொய்யா இருக்கும்க்கா."

"பொய்யாவே இருக்கட்டும். ஒரு விமானம் உன் மச்சானோட போட்டி போட்டுக்கிட்டா வரும்?"

அதற்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று நர்ஸ் கேட்டாள். போய்த் தூங்கு என்றாள் அக்கா. ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நான் பின்னால் கேட்டதற்கு, ஆறுதல் சொல்ல அவளுக்குச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள் என்று பதில் வந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. போகிற விமானத்தில் இடம் இல்லாததால் விடியும் முன்பே பஸ் ஏறி, எட்டு மணி நேரம் மலை வளைவுகளில் சுற்றித் துறைமுக நகரம் போனோம். நான் மூன்று இடத்தில் வாந்தி எடுத்தேன். அக்கா மூன்று இடத்திலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று ஐம்பது விமானத்தில் இரண்டு டிக்கெட் கிடைத்தது. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறி வைத்த நாற்பது இருக்கை விமானம். பணிப்பெண் ஆளுக்கு ஒரு மிட்டாயும் ஒரு காகிதக் கோப்பை தண்ணீரும் கொடுத்தாள்.

"கடிக்காதே, பேசாதே, வாயிலேயே வச்சிரு" என்றாள் அக்கா. என் வாயை அடைக்க இவ்வளவு மலிவாக ஒரு வழி இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும்.

மேலே ஏறினோம், மேகத்தைப் பார்த்தோம், காது அடைத்தது, கீழே இறங்கினோம். சக்கரம் தரையைத் தொட்டதும் அக்கா என் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கச் சொன்னாள். மிட்டாய் பாதி பாக்கி இருந்தது. என் போனில் மணி நான்கு இருபத்தொன்பது.

பக்கத்து இருக்கையில் வந்தவர் மருந்து கம்பெனி விற்பனையாளர், வாரம் இரண்டு தடவை இதே விமானத்தில் வருகிறவர். இது புதுசா என்று அக்கா கேட்டதற்கு அவர் சிரித்தார். முன்பு ஓடியது ஒரு கிழட்டு விமானமாம். அதற்கு ஒரு மணி இருபது நிமிடம் பிடிக்குமாம். நான்கு வருடத்துக்கு முன் அதை மாற்றி இந்த வேகமான விமானத்தைக் கொண்டுவந்தார்கள். விமானத்தை மாற்றியவர்கள் அட்டவணையை மாற்றவில்லை. அடிக்கடி வருகிறவர்களுக்கு எல்லாம் இது தெரியும், யாரும் வெளியே பேசிக்கொள்வதில்லை என்றார். சீக்கிரம் வந்துவிட்டது என்று யார் போய்ப் புகார் கொடுப்பார்கள்?

நிலைய மேலாளரின் அறையில் சுவர் முழுக்கக் கேடயம். நான்கு வருடமாக ஒரு நிமிடம்கூடத் தாமதம் இல்லாத நிலையம் என்று தலைமை அலுவலகம் கொடுத்த கேடயங்கள். அக்கா வாய் நிறையப் பாராட்டினாள். அவள் பாராட்டினால் நான் என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். மேலாளர் பூரித்துப்போய், விமானம் இறங்கும் நேரம் எழுதும் பதிவேட்டைத் தானாகவே எடுத்துக் கொடுத்தார். இரண்டு வாரத்துக்கு முன் போலீஸ்காரர்கள் வந்து பார்த்த அதே பதிவேடு. தம்பி இறந்த வியாழக்கிழமைக்கு நேராக ஐந்து பத்து என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. அதற்கு முன் நாளும் ஐந்து பத்து. பின் நாளும் ஐந்து பத்து.

நான் பக்கத்தைப் புரட்டினேன். சுவர்க் கடிகாரத்தில் அப்போது நான்கு நாற்பத்தைந்து. பதிவேட்டில் இன்றைய விமானம் ஐந்து பத்துக்கு இறங்கியிருந்தது. அடுத்த வரியில் நாளைய விமானமும் ஐந்து பத்துக்கு இறங்கியிருந்தது.

"நாளைக்கு யார் யார் வந்தாங்கன்னும் எழுதிட்டீங்களா சார்?" என்று கேட்டேன்.

மேலாளர் முகம் சுண்டிப்போனது. பிறகு கதையெல்லாம் வந்தது. விமானம் தினமும் நாற்பது நிமிடம் முன்னால் வருகிறது என்று உண்மையை எழுதினால் தலைமை அலுவலகம் அட்டவணையைச் சுருக்கிவிடுமாம். சுருக்கினால் காற்று வீசும் நாளில் தாமதம் என்று கணக்காகிவிடுமாம். கேடயம் போய்விடுமாம். அதனால் வாரம் முழுவதற்கும் திங்கட்கிழமையே எழுதிவிடுவாராம். இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார்.

"ஒரு உயிர்" என்று சொல்லி அக்கா பதிவேட்டைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அது அரசாங்கச் சொத்து, எடுத்துப் போகக் கூடாது என்று அவர் எழுந்தார். கேடயத்தையும் சேர்த்து எடுத்துப் போகட்டுமா என்று கேட்டாள். உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருத்துவமனை இங்கிருந்து ஒன்பது நிமிடம். அண்ணன் நான்கு முப்பதுக்கு இறங்கியிருந்தால் நான்கு நாற்பத்தைந்துக்குள் மருந்து தம்பியின் உடம்பில் ஏறியிருக்கும். அப்படியானால் அந்த நாற்பது நிமிடம் மனிதர் எங்கே போனார்? யாராவது வழி மறித்தார்களா, மயங்கி விழுந்தாரா என்று நான் நல்லெண்ணத்தோடு ஒவ்வொன்றாக அடுக்கினேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு மேல் அடுக்கவில்லை.

பதில் பயணிகள் கூடத்தில் துடைப்பானோடு நின்றது. தரை துடைக்கும் அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஐஸ் பெட்டி என்று சொன்னதுமே ஜன்னலோரத்துக் கடைசி நாற்காலியைக் காட்டினாள். அங்கேதான் உட்கார்ந்திருந்தாராம். பெட்டி மடியில். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்ததால் அவர் காலடியில் இரண்டு தடவை துடைத்தாளாம். அதனால்தான் முகம் மறக்கவில்லை என்றாள்.

"போன் அடிச்சுதா?" என்று கேட்டாள் அக்கா.

"அஞ்சு தடவை. ஒரு குழந்தையோட குரல்தான் மணியா வச்சிருந்தார். பெரியப்பா, போன எடுங்க, பெரியப்பா, போன எடுங்கன்னு. நானே போய்ச் சொன்னேன், குழந்தை கூப்பிடுது சார், எடுங்கன்னு. கூப்பிடட்டும்னார். கடிகாரத்தையே பாத்துக்கிட்டிருந்தார்."

"அப்புறம்?"

"அஞ்சு பத்து ஆகப்போறப்ப எந்திரிச்சுக் குழாய்ல தலையை நனைச்சார். துடைக்கவே இல்ல. வாசல் வரைக்கும் மெதுவாத்தான் நடந்தார். கதவைத் தாண்டினதும் என்ன தோணுச்சோ, ஓட ஆரம்பிச்சுட்டார்."

எனக்கு டிரைவர் அழுதது ஞாபகம் வந்தது. அக்கா அந்த அம்மாவின் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதிக்கொண்டு, இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டு இரண்டு நிமிடம் பேசினாள். அடுத்து ஆம்புலன்ஸ் டிரைவருக்கும் ஒரு போன் போட்டாள். பிறகு ஆட்டோ பிடித்தோம்.

அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். கீழே தம்பி குடும்பம், மாடியில் கல்யாணம் செய்துகொள்ளாத அண்ணன். நாங்கள் போனபோது அவர் கீழ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நாளைய விசாரணைக்குக் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நிறைவான முகம், நரைத்த மீசை. தம்பியின் மனைவி அவருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றாள். ஆறு வயது மகள் அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டில் இருந்தாள். அதுவரைக்கும் நிம்மதி.

நர்ஸ் அனுப்பிய ஆள் என்று தெரிந்ததும் அந்தப் பெண் கதவைக் காட்டினாள். அக்கா நகரவில்லை. அன்று நாலரை மணிக்கு மேல் கணவனின் அண்ணனுக்குப் போன் போட்டாயா என்று மட்டும் கேட்டாள்.

போட்டிருந்தாள். போனை எடுத்துப் பார்த்துச் சொன்னாள். நான்கு முப்பத்து நான்கு, முப்பத்தொன்பது, நாற்பத்தைந்து, ஐம்பது, ஐம்பத்தைந்து. ஐந்து தடவை. மாமா விமானத்தில் இருந்ததால் எடுக்கவில்லை என்றாள்.

"விமானத்துல போனை அணைச்சு வைக்கணும். அணைச்சு வச்ச போனுக்கு அடிச்சா அணைச்சு வச்சிருக்குன்னு சொல்லும். உனக்கு அப்படிச் சொல்லுச்சா, இல்ல மணி அடிச்சுதா?"

மேசையில் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்த அண்ணனின் கை நின்றது.

"அடிச்சுது" என்றாள் அந்தப் பெண். "அஞ்சு தடவையும் முழுசா அடிச்சுது."

"மணியா உன் பொண்ணு குரலை வச்சிருந்தாரே, அது இப்ப இருக்கா?"

காரியம் நடந்த அன்றே மாற்றிவிட்டார், குழந்தை குரலைக் கேட்டால் தாங்க முடியவில்லை என்றார் என்று சொன்னாள். அதைக் கேட்டு அன்று தானும் அவரோடு சேர்ந்து அழுததாகவும் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அக்கா பதிவேட்டை மேசையில் வைத்தாள். அட்டவணை, கிழட்டு விமானம், கடைசி நாற்காலி, தரையில் சொட்டிய தண்ணீர், குழாய், எல்லாவற்றையும் ஏதோ பொருள் பட்டியல் வாசிப்பது போல ஒரே குரலில் சொல்லி முடித்தாள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லக் கூடாதா என்று எனக்கு இருந்தது. அந்தப் பெண் சுவரைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணும் செய்யல" என்றார் அண்ணன்.

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள் அக்கா.

அவர் தண்ணீரைக் குடித்தார். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினார். திட்டம் எதுவும் இல்லையாம். விமானம் இறங்கியதும் சும்மா ஒரு நிமிடம் உட்கார்ந்தாராம். அடுத்த தடவை போன் அடித்தால் எழுந்துவிடலாம் என்று நினைத்தாராம். அடித்தது. சரி, அடுத்த தடவை என்று நினைத்தாராம்.

"கடைக்கு வர்ற ஒவ்வொருத்தனும் என்னைப் பாத்து முதல்ல கேக்கறது என்ன தெரியுமா? தம்பி இல்லையா? பதினஞ்சு வருஷமா நான் கல்லு மாதிரி எதிர்ல உக்காந்திருக்கேன். தம்பி இல்லையாம்."

கேட்ட எனக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. அக்காவின் கத்தரி அங்கேதான் விழுந்தது.

"ஏறதுக்கு முன்னாடி ஆம்புலன்ஸ் டிரைவருக்கு நீங்கதானே போன் பண்ணீங்க? அஞ்சு அஞ்சுக்கு வந்தா போதும்னு சொல்லியிருக்கீங்க. மரம் வாங்கப் போய் மாசம் நாலு தடவை அந்த விமானத்துல வர்றவர் நீங்க. அது நாலரைக்கு இறங்கும்னு உங்களுக்குத் தெரியும். கீழ இறங்கி யோசிச்சதா சொல்றீங்க, சார். மேல ஏறும்போதே முடிவு பண்ணிட்டீங்க."

அவர் அடுக்கி வைத்த காகிதங்களை மறுபடியும் நேராக்கினார். அந்த ஓரங்கள் ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன.

தரையில் இருந்தபடியே அந்தப் பெண் பேசினாள். குரல் உயரவில்லை.

"கடைசி வரைக்கும் அவருக்கு நினைவு இருந்துச்சு. மூச்சு விடத்தான் கஷ்டப்பட்டார். அண்ணன் எங்கேன்னு கேட்டார். வானத்துல இருக்கார், இப்ப இறங்கிடுவார்னு சொன்னேன். அதுக்கப்புறம் கூரையையே பாத்துக்கிட்டிருந்தார். கண்ணை எடுக்கவே இல்ல."

இதற்கு எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று இன்ஸ்பெக்டருக்கே தெரியவில்லை. பொய்ப் புகார் கொடுத்ததற்கு இப்போதைக்கு அழைத்துப் போகலாம், உட்கார்ந்திருந்ததைக் கொலை என்று எழுத முடியுமா என்பதை வக்கீல்கள்தான் சொல்ல வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தார். நர்ஸ் தப்பித்துவிட்டாள், அது மட்டும் நிச்சயம். பதிவேடு காலையில் விசாரணை மேசைக்குப் போய்விடும். அவள் கன்னத்துக்கு யார் பதில் சொல்வது என்று தெரியவில்லை. அறைந்தவள் அப்போது தன் வலது உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜீப் தெருமுனைக்கு வந்துவிட்டது என்று எனக்குச் செய்தி வந்தது. உள்ளே வரச் சொல்லவா என்று அக்காவைக் கேட்டேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என்ன அவசரம்? நாற்பது நிமிஷம் கழிச்சு வரச் சொல்லு" என்றாள். பிறகு அண்ணனிடம் திரும்பி, "நீங்க உக்காருங்க. உங்களுக்குப் பழக்கம்தானே" என்றாள்.

இவளிடம் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். அன்று முதல் தடவையாக அவளைப் பார்த்துப் பயந்தேன். ஆனால் அவளைவிடப் பெரிய கை அந்த அறையிலேயே இருந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்து அண்ணனுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் போனை எடுத்தாள். நான்கு முப்பத்து நான்கு என்றிருந்த வரியைத் தொட்டாள்.

மேசை மேல் இருந்த அவர் போன் அடித்தது. வெறும் மணிச் சத்தம்தான். அவர் கை தன்னையறியாமல் அதன் பக்கம் போனது.

"எடுக்காதீங்க மாமா" என்றாள். "அன்னிக்கு மாதிரியே உக்காருங்க."

முழுதும் அடித்து ஓய்ந்தது. அவள் ஐந்து நிமிடம் அசையாமல் காத்திருந்து, அடுத்த வரியைத் தொட்டாள். அதுவும் அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை அவர் போனைக் கவிழ்த்து வைத்தார், அது கவிழ்ந்தபடியே மேசையில் அதிர்ந்தது. நான் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன். அக்கா மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. நான்காவது மணி பாதியில் அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, போதும்மா, என்னை விட்டுடும்மா என்று முனகினார். இரண்டு வாரமாக வராத நிஜக் கண்ணீர் அப்போது வந்தது. அது குழாய்த் தண்ணீர் இல்லை.

அவள் அது ஓயும் வரை காத்திருந்தாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு மாமா" என்று சொல்லி, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.